நிலமும் பொழுதும் ஒளிப்படமும்

நுழையும்முன்

ஒரே இடத்தைப் பலரும் ஒளிப்படம் எடுக்கின்றனர். அவற்றுள் சில மட்டுமே அவ்விடத்தின் வாழ்வைக் காட்டுகின்றன. இடம், காலம், மனிதர் ஆகிய மூன்றையும் ஓர் ஒளிப்படக் கலைஞர் நோக்க வேண்டிய முறையைக் கள்ளக்குறிச்சி நகரத் தெருக்களையும் கல்வராயன் மலையையும் சான்றாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

ஒளியின் எழுத்து

'போட்டோகிராபி' என்னும் சொல்லுக்குக் கிரேக்க மொழியில் 'ஒளியால் எழுதுதல்' என்பது பொருள். 1839ஆம் ஆண்டு பாரிசு நகரில் டாகுவேர் என்பவரின் ஒளிப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அக்கலை தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தமிழ் இலக்கணம் வகுத்துவிட்டது. எங்கே, எப்போது என்னும் இரு வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே மாந்தரின் உணர்வு பாடலில் இடம்பெறும். ஒளிப்படக் கலையின் அடிப்படையும் இதுவே.

தெருவும் கணமும்

கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. அதன் நான்குமுனைச் சந்திப்பில் விடியற்காலையில் நிற்பவர் காண்பன பல. கரும்பு ஏற்றிய டிராக்டர், தேநீர்க் கடையின் ஆவி, பூக்கூடையுடன் சாலையைக் கடக்கும் பெண், பேருந்துக்கு விரையும் மாணவர் என அனைத்தும் நொடிக்கு நொடி இடம் மாறுகின்றன. இவையனைத்தும் பொருந்தி நிற்கும் ஒரு கணத்தைக் கண்டுகொள்வதே தெருக்காட்சி ஒளிப்படத்தின் திறன்.

இத்திறனில் உலகப் புகழ் பெற்றவர் பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன். தெருவில் செல்வோர் தம்மைக் கவனியாதிருக்கும் பொருட்டு, கருவியின் பளபளக்கும் பகுதிகளை அவர் கறுப்பு நாடாவால் மறைத்துக்கொண்டார். கள்ளக்குறிச்சிக்கு அண்டையிலுள்ள திருவண்ணாமலைக்கும் அவர் வந்துள்ளார். 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரமணர் மறைந்தபோது அங்கிருந்து, அவருடைய இறுதி நாள்களைப் படமாக்கினார்.

மலையும் பருவமும்

தெரு நொடியில் மாறுகிறது. மலை பருவத்தில் மாறுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலைக்கு ஒருமுறை மட்டும் சென்றவர் அதன் ஒரு முகத்தையே அறிவார். வேனிலில் இலையுதிர்த்த மரங்களிடையே பாறைகள் வெளித்தெரியும். மழைக்காலத்தில் மேகம், பெரியார் அருவிகள் பெருகும். கோமுகி ஆற்றில் நீர் உயரும். மழையை நம்பி விதைத்த சாமைப் பயிர் சரிவுகளைப் பசுமையாக்கும். மார்கழி விடியலில் வெள்ளிமலையைப் பனிமூட்டம் சூழும்.

ஒவ்வொரு பருவத்தின் ஒளியும் வெவ்வேறானது. காலையிலும் மாலையிலும் கதிரொளி காற்று மண்டலத்தில் நெடுந்தொலைவு கடந்து வருவதால் நீலநிறம் சிதறிப்போகிறது. எஞ்சிய செம்மஞ்சள் ஒளி பாறையின் மடிப்புகளைத் துலக்குகிறது. பனிமூட்டத்தின் நுண்திவலைகள் ஒளியைச் சிதறச் செய்வதால், தொலைவிலுள்ள மரங்கள் நிறமிழந்து நிழல்போல் தோன்றுகின்றன. கருவியின் திரை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்தால் அருவியின் துளிகள் தனித்தனியே உறைந்து நிற்கும். ஒரு நொடி திறந்திருந்தால் அதே அருவி வெண்பட்டாக விரியும். ஆகவே, படம் காட்சியின் படி மட்டுமன்று, எடுப்பவரின் முடிவுமாகும்.

இருவகைப் பயணம்

பருவந்தோறும் இம்மலைப்பாதையில் இருவகைப் பயணங்கள் நிகழ்கின்றன. கோடை விழாவின்போதும் விடுமுறை நாள்களிலும் சமவெளி மக்கள் மேலேறுகின்றனர். கரியாலூர்ப் படகுக் குழாமிலும் அருவிக் கரையிலும் நின்று படமெடுத்துத் திரும்புகின்றனர். மலையில் வேலை குறையும் காலங்களில் பழங்குடி மக்களுள் பலர் சமவெளி ஊர்களுக்கும் அண்டை மாநிலத் தோட்டங்களுக்கும் கூலி வேலைக்கு இறங்குகின்றனர்.

முதல் பயணத்தின் படங்கள் எண்ணற்றவை; இரண்டாம் பயணத்தின் படங்கள் அரியவை. துணிமூட்டையின்மேல் தலைசாய்த்துக் கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் காத்திருக்கும் ஒரு குடும்பத்தின் படம், அருவியின் படத்தைப் போலவே மலையைப் பற்றியதாகும். அதனைக் காணும் கண் வாய்த்தவருக்குத் தெருவும் மலையும் ஒரே கதையின் இரு பக்கங்களாகும்.

படத்தில் இருப்பவர்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்னும் தொகுப்பு எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. அதில் நம் நாட்டினர் குலம், குடி ஆகியவற்றின் மாதிரிகளாகவே வகைப்படுத்தப்பட்டனர். படம் பிடித்த கை ஆள்வோருடையதாக இருந்தது. படத்தில் நின்றவர் தம்மைப் பற்றிச் சொல்ல அதில் இடமில்லை.

கல்வராயன் மலையில் 1976ஆம் ஆண்டு வரை ஜாகீர்தார்களின் ஆதிக்கம் நீடித்தது. பிறருடைய அதிகாரத்தின்கீழ் நெடுங்காலம் வாழ்ந்த மக்களை நோக்கிக் கருவியை உயர்த்துபவருக்குப் பொறுப்பு மிகுதி. தெருவில் கடந்து செல்வோர் அனைவரிடமும் முன்கூட்டியே இசைவு பெறுதல் இயலாது. கேட்டவுடன் இயல்பும் மறைந்துவிடும். ஆயினும், ஒருவரின் வறுமையை, துயரை, வீட்டு வாசலை, குழந்தையைப் படமாக்குமுன் கேட்பதே முறை. மறுத்தால் கருவியைத் தாழ்த்துவதும், எடுத்த படத்தை அவருக்குக் காட்டுவதும், கூடுமாயின் ஒரு படி அளிப்பதும் அக்கலையின் அறமாகும்.

இன்று கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும் ஒளிப்படம் எடுப்போரே. கருவி எளிதாகிவிட்டதால் பொறுப்பு எளிதாகிவிடவில்லை. நிலத்தை அறிய நடக்க வேண்டும்; பொழுதை அறியக் காத்திருக்க வேண்டும்; மனிதரை அறியப் பேச வேண்டும். கோடையில் சென்ற மலைக்குக் கூதிரிலும் செல்பவர், சென்ற முறை எடுத்த படத்தை அதிலிருப்பவரின் கையில் சேர்ப்பவர் ஆகியோரின் படங்களே பிற்காலத்தவர்க்கு நம்பத்தகுந்த ஆவணங்களாகும்.