ஜெர்மனியில் விடுமுறை என்றால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை

2022 அக்டோபர் 1, சனிக்கிழமை ராத்திரி என் அக்கா மகன் ஃபிராங்க்ஃபர்ட்டில் போய் இறங்கினான். மன்ஹைமில் மாஸ்டர்ஸ் படிக்க இடம். அறை கிடைத்தது ரைன் நதிக்கு அந்தப் பக்கம், லுட்விக்ஸ்ஹாஃபனில். மறுநாள் போன் வந்தது.

"மாமா, இங்க ஒரு கடைகூடத் திறக்கல."

"ஞாயித்துக்கிழமை அப்படித்தான்டா. நாளைக்கு வாங்கிக்கோ" என்றேன். ஜெர்மன் வாடிக்கையாளர்களோடு பல வருஷம் வேலை பார்த்தவன் என்ற தோரணையில் சொன்னது.

திங்கட்கிழமை மறுபடி போன். இன்றைக்கும் கடை இல்லை. நிறுத்தத்தில் திங்கட்கிழமைக்குப் போட்டிருந்த நேரத்தில் பஸ்ஸும் வரவில்லை. அக்கா கட்டிக்கொடுத்த முறுக்கும் பருப்புப் பொடியும்தான் இரண்டு நாளும் சாப்பாடு. பொடி இருந்தது, போட்டுப் பிசைய அரிசி இல்லை. அன்றைக்கு அக்டோபர் 3, ஜெர்மன் ஒற்றுமை நாள். எனக்கே அது ஞாபகம் இல்லை.

அதற்கப்புறம்தான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். இந்த வருஷம் கிளம்பும் பிள்ளைகளுக்கும் அவர்களை வழியனுப்பும் பெற்றோருக்கும் உதவும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் விஷயம், விடுமுறை என்ற சொல்லுக்கே அங்கே அர்த்தம் வேறு. நம்ம ஊரில் பொங்கல், தீபாவளி வந்தால் சிறப்புப் பேருந்து விடுவார்கள். முந்தின நாள் நடுராத்திரி வரைக்கும் கடைத்தெருவில் கூட்டம் இருக்கும். அங்கே நேர் எதிர். பொது விடுமுறை என்றால், வேறொரு கிழமையில் வந்து உட்கார்ந்த ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இது வெறும் பழக்கம் இல்லை, அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஞாயிறும் அரசு ஏற்ற விடுமுறைகளும் ஓய்வு நாட்களாகப் பாதுகாக்கப்படும் என்று 1919 வைமார் அரசியல் சட்டத்தின் 139ஆம் பிரிவு சொன்னது. 1949இல் வந்த இன்றைய அரசியல் சட்டம் தன் 140ஆம் பிரிவு வழியாக அதை அப்படியே எடுத்துக்கொண்டது. அதனால் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து துணிக்கடை வரை பூட்டு.

விதிவிலக்குகள் உண்டு. உணவகங்கள், பெட்ரோல் பங்க்குகள், முறை வைத்துத் திறக்கும் மருந்துக்கடைகள், அப்புறம் பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள். ஆற்றைத் தாண்டினால் மன்ஹைம் பெரிய ஸ்டேஷன். அங்கே போயிருந்தால் அவனுக்கு ரொட்டியாவது கிடைத்திருக்கும். தெரியவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

பஸ்ஸும் அதே கணக்குதான். நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையில் பெரும்பாலும் மூன்று பகுதி இருக்கும்: திங்கள் முதல் வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை. விடுமுறைக்கு ஜெர்மனில் 'ஃபையர்டாக்'. திங்கட்கிழமை விடுமுறை வந்தால் ஞாயிறு பகுதியைத்தான் பார்க்க வேண்டும். வண்டிகள் குறையும், காலையில் முதல் வண்டி தாமதமாகக் கிளம்பும். நம்ம பையன் முதல் பகுதியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

இரண்டாவது விஷயம், எந்த நாள் விடுமுறை என்பது. இங்கேதான் பெரிய அடி விழுந்தது.

ஜெர்மனியில் 16 மாநிலங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான விடுமுறை ஒன்பதுதான்: புத்தாண்டு, புனித வெள்ளி, ஈஸ்டர் திங்கள், மே 1, விண்ணேற்ற நாள், பெந்தகோஸ்தே திங்கள், அக்டோபர் 3, டிசம்பர் 25, 26. இதில் அக்டோபர் 3 மட்டும் 1990 ஒருங்கிணைப்பு ஒப்பந்தம் வழியாக நாடு முழுமைக்கும் வந்தது. மற்றதெல்லாம் மாநிலச் சட்டம். ஒன்பதுக்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளும். பெர்லினில் மார்ச் 8 மகளிர் தினம், 2019இலிருந்து விடுமுறை. அக்டோபர் 31 சாக்சனியில் விடுமுறை, பவேரியாவில் கிடையாது. மறுநாள் நவம்பர் 1 பவேரியாவில் விடுமுறை, சாக்சனியில் கிடையாது.

மன்ஹைம் இருப்பது பாடன்-வூட்டம்பர்க் மாநிலத்தில். லுட்விக்ஸ்ஹாஃபன், ரைன்லாண்ட்-ஃபால்ஸில். நடுவில் ஒரு பாலம், டிராமில் சில நிமிஷம். 2023 ஜனவரி 6, வெள்ளிக்கிழமை, மூன்று ராஜாக்கள் திருநாள். மன்ஹைமில் விடுமுறை. கூடப் படிக்கும் பசங்க எல்லாரும் லீவு என்று சொல்ல, இவனும் தூங்கிவிட்டான். ஆனால் இவன் பகுதிநேர வேலை பார்த்த கிடங்கு லுட்விக்ஸ்ஹாஃபனில். அங்கே அது சாதாரண வேலை நாள். வேலை பார்க்கும் இடம் எந்த மாநிலமோ அந்த மாநிலத்து விடுமுறைதான் செல்லும். சொல்லாமல் வராதவன் என்று வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அடுத்த வேலை கிடைக்க இரண்டு மாசம். அந்த இரண்டு மாச வாடகை அக்காவின் நகைக்கடனில் போனது.

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. விடுமுறைப் பட்டியலுக்கு 'நாடு' என்று ஒரே ஒரு காலம் போட்டு புரோகிராம் எழுதி, கிளையண்டிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான் நானும்.

மூன்றாவது, டிக்கெட். அங்கே ரயில் நிலையத்தில் தானியங்கித் தடுப்புக் கதவு கிடையாது, பஸ்ஸில் நம்மைத் தேடி கண்டக்டர் வரமாட்டார். ஆனால் பரிசோதகர் எப்போது வேண்டுமானாலும் ஏறலாம். டிக்கெட் இல்லை என்றால் 60 யூரோ. பல ஊர்களில் காகித டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது, மெஷினில் விட்டு முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட், டிக்கெட்டே இல்லை. 'தெரியாது சார்' எல்லாம் அங்கே செல்லாது.

2023 மே மாதம் டாய்ச்லாண்ட் டிக்கெட் வந்தது. மாதம் 49 யூரோவில் ஆரம்பித்து, 2025இல் 58, 2026இல் 63 ஆகியிருக்கிறது. நாடு முழுக்க நகரப் பஸ், டிராம், மெட்ரோ, உள்ளூர் ரயில் எல்லாவற்றிலும் போகலாம். ஐசிஇ, ஐசி மாதிரி விரைவு ரயில்களில் செல்லாது. இது மாதச் சந்தா. நிறுத்தணும் என்றால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் இதையே 60 சதவீத விலைக்கு செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதனால் தனியாக வாங்கும் முன் உங்கள் பல்கலைக்கழகத்தில் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு முறை பணம் போகும்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிந்தது இதுதான். அங்கே எல்லாம் எங்கேயோ எழுதி ஒட்டியிருக்கும், ஆனால் யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். நம்ம ஊரில் கேட்டுத் தெரிந்துகொண்டு வளர்ந்த பிள்ளை, அங்கே படித்துத் தெரிந்துகொள்ளப் பழக வேண்டும். போன முதல் நாளே இரண்டு நாட்காட்டி எடுத்து வைக்கட்டும்: தங்கும் மாநிலத்துக்கு ஒன்று, படிக்கிற அல்லது வேலை பார்க்கிற மாநிலத்துக்கு ஒன்று. இரண்டும் ஒரே மாநிலம் என்றால் ஒன்று போதும்.

குளிர்கால செமஸ்டருக்குப் போகிறவர்கள் இறங்குவதே அக்டோபர் 3ஐ ஒட்டித்தான். இந்த வருஷம், 2026இல், அது சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு. டிசம்பரில் இன்னும் மோசம்: 24ஆம் தேதி வியாழன் மத்தியானம் கடைகள் சாத்தினால், 25, 26 விடுமுறை, 27 ஞாயிறு. திங்கட்கிழமைதான் திறப்பார்கள்.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது போனால், அக்டோபர் 2 வெள்ளிக்கிழமை சாயங்காலமே இரண்டு கிலோ அரிசி வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பொடி எப்படியும் நீங்கள் கொடுத்து அனுப்பியிருப்பீர்கள்.