நாலு கப் தண்ணிக்கு ஒரு கப் சர்க்கரை!

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில் பட்டகோனியா என்று ஒரு குட்டி ஊர். அங்கே வாலி, மரியன் பேட்டன் தம்பதி தங்கள் வீட்டுக் கொல்லையைப் பறவைப் பித்தர்களுக்காகத் திறந்தே வைத்திருந்தார்கள். கட்டணம் கிடையாது. ‘சர்க்கரை வாங்க’ என்று வேலியில் ஒரு உண்டியல் டப்பா, அவ்வளவுதான்! 2014-ல் அந்த இடம் டூசான் ஆடுபான் என்ற பறவை அமைப்பின் பொறுப்புக்கு வந்தது. அவ்வளவு சர்க்கரையும் யாருக்கு? வேறு யாருக்கு, ஹம்மிங்பேர்டு மகாராஜாக்களுக்குத்தான்!

வாங்க, அடுப்படிக்குள் எட்டிப் பார்ப்போம். நாலு கப் தண்ணீர், ஒரு கப் வெள்ளைச் சர்க்கரை. கொதிக்கவிட்டு, கலக்கி, ஆறவைத்தால் தேன் தயார். கம்பிப் பதமும் வேண்டாம், ஏலக்காயும் வேண்டாம். நிஜத் தேனை ஊற்றினாலோ, புளித்துப் பூஞ்சை பிடிக்கும். வெல்லம், நாட்டுச்சர்க்கரை? அதிலுள்ள இரும்புச் சத்து இந்தக் குட்டி உடம்புக்கு ஆகாது. சிவப்புச் சாயமும் கூடாது. புட்டியின் மூடி சிவப்பாக இருந்தால் போதும், பறந்து வந்துவிடுவார்கள்.

சரி, டயட் சர்க்கரை போட்டு ஏமாற்றலாமா? ம்ஹூம்! பறவைகளின் மூதாதையர் இனிப்பை அறியும் மரபணுவையே தொலைத்துவிட்டவர்கள். இந்த ஆசாமிகளோ, புலாலின் சுவையை அறியும் ஏற்பியைப் பரிணாமத்தில் மாற்றியமைத்துச் சர்க்கரையைக் கண்டுபிடிக்கிறார்கள். மாட் பால்ட்வின் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு இது. அஸ்பார்டேம் என்ற டயட் சர்க்கரை கலந்த தண்ணீரை ஒரு வாய் பார்த்ததுமே ஒதுக்கிவிட்டன!

குடிக்கிற அழகைக் கிட்டத்தில் பாருங்கள். நுனி பிளந்த நாக்கு. அலகு அதை நசுக்கி வெளியே தள்ள, தேனில் பட்டதும் அது படக்கென்று விரிந்து உறிஞ்சுகிறது. நொடிக்குப் பத்து தடவைக்கும் மேல்!

ராத்திரி நிறைத்து வைத்த புட்டி காலையில் காலி. திருட்டு யார் வேலை? கோடைக் கடைசியில் அந்தப் பக்கம் வரும் தேனுண்ணி வௌவால்கள்! எறும்புக்கு மட்டும் நம்ம பாட்டி வைத்தியம்: புட்டிக்கு மேலே ஒரு குட்டித் தண்ணீர்க் கிண்ணம்.

பக்குவம் சுலபம்தான், பெண்டு நிமிர்வது கழுவுவதில். வெயில் காலத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது பழசைக் கொட்டி, துளைத் துளையாகப் பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும். பேரப்பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்களே, அங்கே தாராளமாகப் புட்டி மாட்டுங்கள். கழுவச் சோம்பேறித்தனம் என்றால், தயவுசெய்து மாட்டாதீர்கள்!