கார் அளவில் கட்டிய நிறுத்தகத்தில் பைக்குக்கு இடம் எங்கே?

நகரங்களின் அடுக்குமாடி வாகன நிறுத்தகங்களில் பைக், ஸ்கூட்டர்களுக்கு உள்ள கட்டுப்பாடுகள் மூன்று வகைப்படும். சில நிறுத்தகங்கள் இருசக்கர வாகனங்களை உள்ளேயே விடுவதில்லை. சில, தனி வாசல் வைத்து, ஏதாவது ஒரு தளத்தின் ஓரத்தோடு அவற்றை நிறுத்திக்கொள்கின்றன. இன்னும் சில, உள்ளே விட்டாலும் காருக்கு உரிய முழுக் கட்டணத்தையும் கேட்கின்றன. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் முதல் வகையை அடிக்கடி காணலாம். இந்தியாவில் இரண்டாவது வகைதான் பரவலாக இருக்கிறது.

ஒரு கார் நிற்கும் இடத்தில் நாலைந்து பைக்குகள் தாராளமாக நிற்கும். அப்படியிருக்க, இடத்தை மிச்சம் பிடிக்கும் வண்டியை வாசலிலேயே திருப்பி அனுப்புவது முரணாகத் தோன்றலாம். தூண்களின் இடைவெளி, சாய்தளத்தின் வளைவு, கட்டண இயந்திரத்தின் உயரம், காப்பீட்டுப் பத்திரம், நகரச் சட்டம் என்று நிறுத்தகத்தில் எல்லாமே காரை அலகாக வைத்து அமைந்தவை. பைக் மீதான தடைகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

இடக் கணக்கு

சென்னைப் பெருநகரக் கட்டட விதிகளில் ஒரு காருக்கான கட்டம் 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்டது. இருசக்கர வாகனத்துக்கு 1 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் நீளம். அதாவது காருக்கு 12.5 சதுர மீட்டர், பைக்குக்கு 1.8 சதுர மீட்டர். காகிதத்தில் பார்த்தால் ஒரு கார் இடத்தில் ஆறேழு பைக்குகள் அடங்க வேண்டும்.

ஆனால் நிறுத்தகத்தின் பரப்பில் பெரும்பகுதி, வண்டி நிற்கும் கட்டத்துக்கு வெளியேதான் செலவாகிறது. டெல்லியின் 2021 பெருந்திட்டம் ஒரு கார் இடத்துக்குத் திறந்தவெளியில் 23 சதுர மீட்டர், தரைத்தளத்தில் 28, அடித்தளத்தில் 32 என்று கணக்கு வைத்தது. வண்டி திரும்பும் பாதை, சாய்தளம், தூண், சுவர் எல்லாம் சேர்ந்துதான் இந்த அளவு. கார் திரும்புவதற்கென்று அகலமாகப் போட்ட பாதையால் பைக்குக்குத் தனி லாபம் எதுவும் இல்லை. ஒரு கட்டத்துக்குள் ஒரே ஒரு பைக் நின்றால், நிறுத்தகக்காரருக்கு அது ஒரு காரை இழந்த கணக்கு. நாலு பைக்குகளை ஒரே கட்டத்தில் விட்டால், எது எவருடையது, எவர் எப்போது வந்தார் என்ற கணக்கைத் தனியாக வைக்க வேண்டும். ஆளே இல்லாமல் இயங்கும் நிறுத்தகத்தில் அதற்கு வழியில்லை.

தரைக்கு அடியில் இருக்கும் கம்பிச் சுருள்

தானியங்கி நிறுத்தகத்தின் நுழைவாயிலில், தரையைக் கீறி ஒரு கம்பிச் சுருளைப் புதைத்திருப்பார்கள். தரையில் செவ்வக வடிவில் கறுப்புக் கோடாகத் தெரிவது அந்தக் கீறலை அடைத்த பூச்சு. வண்டி வந்து நின்றதும் அதன் எடையை வைத்துத் தடுப்புக் கம்பி உயர்கிறது என்று பலர் நினைப்பதுண்டு. எடைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

சுருளில் மாறுதிசை மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். காரின் அடிப்பாகம் போன்ற அகலமான உலோகப் பரப்பு சுருளுக்கு மேலே வந்தால், அந்த உலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் தூண்டப்படுகின்றன. அதனால் சுருளின் மின்தூண்டல் குறைந்து, அதிர்வெண் சிறிது கூடுகிறது. அந்த மாற்றத்தைப் பார்த்துத்தான் கருவி ‘வண்டி வந்துவிட்டது’ என்று முடிவு செய்கிறது.

பைக்கில் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் உலோகம் மிகக் குறைவு. பிளாஸ்டிக் உடல் கொண்ட ஸ்கூட்டரில் அதுவும் குறையும். சுருளின் நட்ட நடுவில் நின்றால் பல நேரங்களில் கருவிக்கு எதுவும் தெரியாது. சக்கரங்கள் சுருளின் ஓரக்கோட்டின் மேலேயே பொருந்தி நின்றால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அதிகம். விவரம் தெரிந்த பைக்காரர்கள் அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்து அதன் மேல் வண்டியை நிறுத்துவது அதனால்தான். கருவியின் உணர்திறனைக் கூட்டி வைக்கலாம். ஆனால் அளவு மீறினால் பக்கத்துப் பாதையில் போகும் காரையும் அது எண்ணத் தொடங்கிவிடும்.

தடுப்புக் கம்பியும் எண் பலகையும்

நுழைவாயிலில் சுருள் ஒன்றோடு முடிவதில்லை. தடுப்புக் கம்பிக்கு நேர் கீழே இன்னொன்று இருக்கும். வண்டி அதன் மேல் இருக்கும்வரை கம்பி இறங்கக் கூடாது என்பதே அதன் வேலை. பைக்கை அந்தச் சுருள் உணராவிட்டால் கம்பி பாதியிலேயே இறங்கும். காராக இருந்தால் கூரையில் கீறல் விழும். பைக்காக இருந்தால் அடி ஓட்டுபவரின் தலையிலோ தோளிலோ விழும். காயம், வழக்கு, இழப்பீடு என்று போவதைவிட, ‘இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை’ என்று ஒரு பலகை வைப்பது நிறுத்தகக்காரருக்கு மலிவு.

கட்டணம் கைநழுவிப் போவது அடுத்த கவலை. தடுப்புக் கம்பியின் முனைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் பைக் நுழைந்து போய்விடும். முன்னால் போகும் காரை ஒட்டியபடியே வெளியேறுவதும் எளிது.

சீட்டுக்குப் பதிலாகக் கேமரா வைத்து எண் பலகையைப் படிக்கும் நிறுத்தகங்களில் வேறொரு தடங்கல். பிரிட்டனில் பைக்கின் முன்பக்கம் எண் பலகை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் 1975இல் நீங்கியது. அங்கே பைக்குகளின் பின்பக்கம் மட்டுமே எண் உண்டு. காரின் முகத்தைப் பார்த்துப் பொருத்திய கேமராவுக்கு, வரும் பைக் எண்ணில்லாத வண்டி. இந்தியாவில் முன்னும் பின்னும் எண் பலகை கட்டாயம் என்பதால் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை.

தரை, சரிவு, தீ

நிறுத்தகத் தளங்களுக்கு எண்ணெயும் நீரும் இறங்காத மழமழப்பான பூச்சு பூசுவது வழக்கம். மழை நாளில் கார்கள் கொண்டுவந்து விடும் நீரும், எஞ்சினில் இருந்து சொட்டும் எண்ணெயும் சேர்ந்தால் அந்தப் பூச்சு வழுக்கும். நான்கு சக்கரத்தில் நிற்கும் காருக்கு அது பெரிய விஷயமில்லை. மாடிக்கு மாடி சுற்றி ஏறும் வளைந்த சாய்தளத்தில், சாய்ந்து திரும்பும் பைக்குக்கு அது ஆபத்து. நீர் வடிவதற்காகத் தளத்தில் விடும் சிறு சரிவுகூட, சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியைத் தவறான பக்கம் சாய்த்துவிடலாம். ஒரு பைக் சாய்ந்தால் வரிசையே சரியும். பக்கத்துக் காரின் கதவில் பள்ளம் விழுந்தால் பொறுப்பு யாருடையது என்ற சண்டை அங்கேயே தொடங்கும்.

காரைத் தட்டின் மேல் ஏற்றி இயந்திரமே மேலே கொண்டுபோய் அடுக்கும் கோபுர நிறுத்தகங்களில் பைக்கின் பேச்சுக்கே இடமில்லை. தட்டு நகரும்போதும் சுழலும்போதும் ஸ்டாண்டில் நிற்கும் வண்டி கவிழ்ந்துவிடும்.

மின் ஸ்கூட்டர்கள் வந்த பிறகு தீ பற்றிய அச்சமும் சேர்ந்துகொண்டது. 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில், ஒரு தங்கும் விடுதியின் கீழ்த்தளத்தில் இருந்த மின் ஸ்கூட்டர் விற்பனையகத்தில் பற்றிய தீயின் புகை மேல்மாடிகளுக்குப் பரவி 8 பேர் உயிரிழந்தனர். அது வாகன நிறுத்தகம் அல்ல. ஆனாலும், காற்றோட்டம் குறைந்த கீழ்த்தளத்தில் பேட்டரிகளைக் குவித்து வைத்து மின்னேற்றுவதன் ஆபத்தை அது காட்டியது.

சட்டத்தின் இடுக்கில் சிக்கிய டோக்கியோ

கட்டடம், கருவி ஆகியவற்றைத் தாண்டிச் சட்டமும் பைக்கை எப்படி வெளியே நிறுத்துகிறது என்பதற்கு ஜப்பான் தெளிவான உதாரணம். அங்கே 1957இல் வந்த வாகன நிறுத்தகச் சட்டம், பெரிய கட்டடங்கள் தங்களுக்கான நிறுத்தகத்தைத் தாங்களே அமைக்க வேண்டும் என்று உள்ளாட்சிகள் கட்டாயப்படுத்த வழி செய்தது. ஆனால் அந்தச் சட்டம் சொன்ன ‘வாகனம்’ என்பதில் பைக் சேரவில்லை. 1962இல் வந்த இன்னொரு சட்டம், வண்டி நிறுத்த இடம் இருப்பதற்குச் சான்று காட்டினால்தான் கார் வாங்க முடியும் என்றது. பைக் வாங்க அந்தச் சான்று தேவையில்லை. வாங்குபவருக்கு அது சலுகை. ஆனால் பைக்குக்கு இடம் ஒதுக்கும் கடமை எவருக்கும் இல்லாமல் போனதற்கும் அது ஒரு காரணம்.

1980இல் சைக்கிள்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. ரயில் நிலையங்களை ஒட்டி நகராட்சிகள் சைக்கிள் நிறுத்தகங்களைக் கட்டின. அவற்றில் பலவற்றில் 50 சிசி வரையுள்ள சிறு மொபெட்டுகளுக்கும் இடம் கிடைத்தது. ஆக, கார் ஒரு சட்டத்தில், சைக்கிளும் மொபெட்டும் இன்னொரு சட்டத்தில். 50 சிசிக்கு மேற்பட்ட பைக் இரண்டிலும் இல்லை.

நடைபாதை ஓரத்தில் நிறுத்துவதைக் காவல்துறை பெரிதாகக் கண்டுகொள்ளாத வரை இது யாரையும் உறுத்தவில்லை. 2006 ஜூன் 1 முதல் நிலைமை மாறியது. சாலையோர விதிமீறல்களைக் கண்காணிக்கும் வேலை தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பச்சைச் சீருடை அணிந்த கண்காணிப்பாளர்கள் இருவர் இருவராகத் தெருத்தெருவாக நடந்து, ஓட்டுநர் விட்டுச்சென்ற வண்டிகளைப் படம் எடுத்துச் சீட்டு ஒட்டினார்கள். சற்று நேரம்தான் நின்றது என்ற சமாதானம் செல்லாது. அபராதத்தை வண்டியின் உரிமையாளரிடம் வசூலிக்கவும் வழி வந்தது. பைக்காரர்கள் பணம் கட்டத் தயாராக இருந்தாலும், கட்டி நிறுத்த இடம் இல்லை.

அதே ஆண்டு நிறுத்தகச் சட்டம் திருத்தப்பட்டு, நவம்பர் 30 முதல் பைக்குகளும் அதன் வரம்புக்குள் வந்தன. சட்டத்தில் சொல் மாறினாலும் ஏற்கெனவே கட்டிய கட்டடங்கள் மாறவில்லை. டோக்கியோவில் சந்துபொந்தெல்லாம் காணப்படும் சிறு கட்டண நிறுத்தகங்களே இதற்குச் சாட்சி. அங்கே கார் வந்து நின்ற சில நிமிடங்களில் தரையில் இருந்து ஓர் இரும்புத் தகடு எழும்பி, காரின் சக்கரங்களுக்கு நடுவே நின்றுகொள்ளும். பணம் செலுத்தினால்தான் இறங்கும். பைக்கை அந்தத் தகட்டால் பிடிக்க முடியாது. எனவே பைக்குக்கென்று வேறு கருவி வைக்க வேண்டியதாயிற்று: ஒரு கம்பமும் அதில் இருந்து இழுத்துச் சக்கரத்தில் மாட்டும் சங்கிலியும். கட்டணம் செலுத்தினால் சங்கிலி விடுபடும்.

எல்லைக்கோடு இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல், எஞ்சின் திறனை 4 கிலோவாட்டுக்குள் அடக்கிய 125 சிசி வண்டிகளும் மொபெட் வகுப்பில் சேர்க்கப்பட்டன. பார்வைக்கு வழக்கமான 125 சிசி வண்டி; எண் பலகை மட்டும் மொபெட்டுக்கு உரிய வெள்ளை நிறம். 50 சிசி வண்டிக்கென்று அளவெடுத்த சைக்கிள் நிறுத்தகங்களுக்கு இது புதிய தலைவலி.

கட்டணம் என்னும் கருவி

தடை போடாமல் கட்டணத்தாலேயே பைக்குகளை நிறுத்தகத்துக்குள் வரவழைக்கவும் முடியும். சிங்கப்பூரின் வீட்டு வசதி வாரிய நிறுத்தகங்களில் பைக்குக்கு ஒரு பகல் முழுவதற்கும் 65 சென்ட் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் கட்டணம். நகர மையத்துக்கு வெளியே, காருக்கு அரை மணி நேரத்துக்கே 60 சென்ட். இந்த விலையில் பைக்கைத் தெருவில் விட்டு அபராதம் கட்ட யாருக்கும் மனம் வராது.

பாரிஸ் வேறு வழியில் போனது. அங்கே தெருவோரத்தில் பைக்கை இலவசமாக நிறுத்த முடிந்த வரையில், காசு கொடுத்துப் பாதாள நிறுத்தகத்துக்குள் இறங்கப் பெரிதாகக் காரணம் இருக்கவில்லை. 2022 செப்டம்பர் 1 முதல் நகராட்சி தெருவோரத்துக்கே கட்டணம் வைத்தது. வெளியூர்க்காரருக்கு நகர மையத்தில் மணிக்கு 3 யூரோ, சுற்றுப் பகுதிகளில் 2 யூரோ; மின் வண்டிக்கு இலவசம்.

பைக்குகளே பெரும்பான்மையாக உள்ள நாட்டில்

இந்தியாவில் பதிவான வாகனங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று இருசக்கர வாகனங்கள். அவற்றை முற்றிலும் தடுத்தால் கடைக்கே ஆள் வராது. சென்னை தியாகராய நகரில் மாநகராட்சி கட்டிய பல அடுக்கு நிறுத்தகம், 200க்கு மேற்பட்ட கார்களுக்கும் 500க்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கும் என்று தொடக்கத்திலேயே இரண்டையும் கணக்கிட்டுத் திட்டமிடப்பட்டது.

வணிக வளாகங்களில் பைக்குக்குப் பெரும்பாலும் தனி வாசல், தனிக் கட்டணம், கடைசி அடித்தளம் அல்லது கட்டடத்தின் பின்பக்கம். இயந்திரத்துக்குப் பதில் இங்கே ஆள் இருக்கிறார். டோக்கன் கொடுப்பவர், வரிசையை ஒதுக்குபவர், வெளியே போகும்போது டோக்கனையும் வண்டி எண்ணையும் ஒப்பிடுபவர். கூட்டம் நெருக்கும் நாட்களில் ‘ஹேண்டில் லாக் போடாதீங்க’ என்று சொல்வதைக் கேட்கலாம். பூட்டாத வண்டியைப் பின்புறம் தூக்கி நகர்த்தி, இன்னும் இரண்டு வண்டிகளைச் செருக முடியும் என்பதே காரணம். ஆனால் பூட்டாத வண்டி திருடனுக்கும் வசதி. ஹெல்மெட்டுக்கும் வண்டியில் உள்ள பொருளுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்ற வாசகம் டோக்கனின் பின்புறத்திலேயே அச்சிட்டிருக்கும்.

பைக்குக்கும் பொருந்தும் நிறுத்தகம்

நிறுத்தகத்தைப் பைக்குக்கும் ஏற்றதாக்கப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. தடுப்புக் கம்பியைத் தொடாமல் போகும் தனிப் பாதை, முடிந்தவரை தரைத்தளத்திலோ முதல் அடித்தளத்திலோ இடம், சொரசொரப்பான தரை, சரிவில்லாத கட்டம், சங்கிலி மாட்ட உறுதியான இரும்பு வளையம், ஹெல்மெட் வைக்கப் பூட்டுள்ள பெட்டி ஆகியவை அடிப்படைத் தேவைகள். பழைய கட்டடங்களில்கூட, கார் நிற்க முடியாமல் வீணாகும் தூண் ஓரங்களையும் சாய்தளத்தின் அடிப்பகுதியையும் பைக்குக்கு ஒதுக்கலாம். மின் வண்டிகளுக்கான மின்னேற்று இடத்தைக் காற்றோட்டமுள்ள வெளிப்பக்கமாக அமைப்பது பாதுகாப்பு.

புதிய கட்டடத்துக்கு அனுமதி தரும்போதே கார் இடத்தோடு பைக் இடத்தையும் எண்ணிக் கேட்பதுதான் இவை எல்லாவற்றிலும் செலவு குறைந்த வழி. கட்டி முடித்த பிறகு தரையை மாற்றவும் வாசலை இடிக்கவும் ஆகும் செலவு, வரைபடத்தில் ஒரு கோடு கூடுதலாகப் போடும்போது ஏற்படுவதில்லை.