வீகன் குழந்தையின் தட்டில் ஒரு மாத்திரை

1980களில் நெதர்லாந்தில் 'மாக்ரோபயாட்டிக்' உணவுமுறையைப் பின்பற்றிய குடும்பங்களின் கைக்குழந்தைகளை வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். தவிடு நீக்காத தானியம், காய்கறி, பருப்பு, கடற்பாசி ஆகியவைதான் அந்த வீடுகளின் உணவு; பால் கிட்டத்தட்ட இல்லை. முழு வீகன், அதாவது விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத உணவு என்று சொல்ல முடியாவிட்டாலும் அதற்கு மிக அருகில் இருந்த உணவு. ஆறாவது மாதத்துக்கும் பதினெட்டாவது மாதத்துக்கும் இடையில், அதாவது தாய்ப்பால் குறைந்து வீட்டுச் சாப்பாடு கூடும் காலத்தில், அந்தக் குழந்தைகளின் வளர்ச்சி தளர்ந்தது. எலும்பு மென்மையாகி வளையும் ரிக்கெட்ஸ் நோயின் அறிகுறிகள் கோடைக்குப் பின் 28 சதவீதக் குழந்தைகளிடமும், குளிர்காலம் முடிந்தபோது 55 சதவீதத்தினரிடமும் தெரிந்தன. இதே வகைக் குடும்பங்களில் வளர்ந்தவர்களைப் பதின்ம வயதில் சோதித்த ஆய்வு ஒன்று 2000இல் வெளியானது. ஆறு வயதுவாக்கில் பால் உணவுக்கு மாறிய பிறகும், சிறுவயதில் ஏற்பட்ட வைட்டமின் பி12 குறைவின் சுவடு சிலருடைய சிந்தனைத் திறனில் எஞ்சியிருந்ததாக அது சொன்னது.

இதோடு நிறுத்திக்கொண்டால் வழக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் அதே காலத்தில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 'தி ஃபார்ம்' என்ற கூட்டுக் குடியிருப்பு இருந்தது. 1971இல் தொடங்கிய அந்தச் சமூகத்தில் பாலும் முட்டையும்கூடக் கிடையாது. அவர்கள் சோயாப் பாலைத் தாங்களே தயாரித்தார்கள். அதில் பி12 உள்ளிட்ட வைட்டமின்களையும் கலந்தார்கள். அங்கு வளர்ந்த 404 குழந்தைகளின் உயரமும் எடையும் 1989இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியாயின. அமெரிக்கக் குழந்தைகளின் பொது அளவோடு ஒப்பிட்டால், ஒன்று முதல் மூன்று வயதில் உயரக் குறைவு சற்றுக் கூடுதலாக, சுமார் இரண்டு சென்டிமீட்டர் வரை இருந்தது. பத்து வயதில் அது 0.7 சென்டிமீட்டராகச் சுருங்கிவிட்டது, எடை 1.1 கிலோ குறைவு. இரண்டு சமூகங்களுமே தாவர உணவை நம்பியவைதான். ஒன்று அதை இயற்கையிடமே விட்டது; மற்றொன்று இயற்கை கொடுக்காததைக் கையால் சேர்த்தது. வீகன் உணவு பழங்காலத்துக்குத் திரும்பும் வழி அல்ல, நவீன ஊட்டச்சத்து அறிவியல் வந்த பிறகே குழந்தைகளுக்குச் சாத்தியமான உணவு என்பது என் வாதம். அதை 'இயற்கை உணவு' என்று நம்புகிற வீட்டில்தான் குழந்தைக்கு ஆபத்து.

பி12 விஷயத்தில் இது பளிச்சென்று தெரியும். இந்த வைட்டமினை எந்தச் செடியும் தயாரிப்பதில்லை, எந்த விலங்கும் தயாரிப்பதில்லை. பாக்டீரியாக்கள் மட்டுமே தயாரிக்கின்றன. மாட்டின் வயிற்றில் அவை உண்டாக்குவது பால் வழியாக நமக்கு வருகிறது. சுருள்பாசியில் இருப்பது பெரும்பாலும் நம் உடலுக்குப் பயன்படாத போலி பி12. புளித்த மாவையும் நம்பியிருக்க முடியாது. 'நம் முன்னோர்கள் தலைமுறை தலைமுறையாகச் சைவம்தானே, அவர்கள் பிள்ளைகள் வளரவில்லையா' என்பது அடிக்கடி வரும் கேள்வி. அந்தச் சைவ வீடுகளில் மோரும் தயிரும் நெய்யும் இருந்தன என்பதுதான் முதல் பதில். இரண்டாவது பதில் அவ்வளவு இனிமையானதல்ல: எல்லாப் பிள்ளைகளும் நன்றாக வளரவில்லை. 1962இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் சில கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். சோகை, சோர்வு, தோலில் கருமை, கற்றுக்கொண்ட அசைவுகளையே மறந்துபோதல். அவர்கள் எல்லாரும் பி12 போதாத தாய்மார்களின் பாலில் வளர்ந்தவர்கள். பி12 கொடுத்ததும் தேறினார்கள். தாயின் இருப்பில் இல்லாதது பாலிலும் வராது. எனவே வீகன் குழந்தையைப் பற்றிய அக்கறை, அது பிறப்பதற்கு முன்பே கருவுற்றவரின் மாத்திரையில் தொடங்க வேண்டும். 2016–18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயது வரையிலான இந்தியர்களில் 31 சதவீதத்தினருக்கு பி12 குறைவு தெரிந்தது. வீகன் என்ற சொல்லையே கேள்விப்படாத வீடுகளுக்கும் இந்தச் செய்தி பொருந்தும்.

வீகன் உணவை எதிர்ப்பவர்களின் வலுவான சான்று போலந்திலிருந்து வருகிறது. ஐந்து முதல் பத்து வயது வரையிலான குழந்தைகளை ஒப்பிட்டு 2021இல் வெளியான ஆய்வில், 52 வீகன் குழந்தைகள் இறைச்சி உண்ட குழந்தைகளைவிடச் சராசரியாக 3 சென்டிமீட்டர் குட்டையாக இருந்தார்கள்; எலும்பின் தாது அளவு 4 முதல் 6 சதவீதம் குறைவு. அவர்களின் கெட்ட கொழுப்பு 25 சதவீதம் குறைந்திருந்தது, அது நல்லதே. துணை வைட்டமின் எடுத்த குழந்தைகளிடம் பி12 குறைவும் வைட்டமின் டி குறைவும் சரியாகியிருந்தன. ஒரே தருணத்தில் எடுத்த அளவீடு இது, குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்ததல்ல, எண்ணிக்கையும் சிறிது என்று வீகன் தரப்பினர் சொல்வது சரிதான். ஜெர்மனியில் ஒன்று முதல் மூன்று வயது வரையிலான 430 குழந்தைகளை ஆராய்ந்தபோது சராசரி உயரத்திலும் எடையிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் சராசரியைக் காட்டி ஆறுதல் அடைய முடியாது. அதே ஆய்வில் வீகன் குழந்தைகளில் 3.6 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள்; இறைச்சி உண்ட குழந்தைகளில் ஒருவரும் அப்படி இல்லை. எலும்புக் குறைவையும் பி12 போல ஒரே மாத்திரையில் தீர்க்க முடியும் என்று போலந்து ஆய்வு காட்டவில்லை. அதற்குக் கால்சியமும் புரதமும் போதிய கலோரியும் சேர்ந்து வேண்டும்.

கலோரிதான் பலர் கவனிக்காத இடம். குழந்தையின் வயிறு சிறியது. நார்ச்சத்து மிகுந்த தாவர உணவு அதைச் சீக்கிரம் நிரப்பிவிடும். பசி அடங்கும், சக்தி போதாது. பெரியவர் மெலிய உதவும் அதே குணம் இரண்டு வயதுக் குழந்தையின் வளர்ச்சியைத் தடுக்கும். நெதர்லாந்தில் மீன், பால் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்ட குடும்பங்களின் குழந்தைகள் பிறகு நன்றாக வளர்ந்தார்கள். மீனும் பாலும் வேண்டாம் என்பவர்கள் எண்ணெயில் தாராளம் காட்டலாம். அரைத்த நிலக்கடலை, எள், தேங்காய், அரிசியோடு பருப்பு கொடுக்கலாம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. முளைகட்டினால் கால்சியம் உடலில் சேர்வதைத் தடுக்கும் பைட்டேட் குறையும். பாதாம் பாலும் ஓட்ஸ் பாலும் நிறத்தில் மட்டுமே பால். ஒரு வயதுக்குள் தாய்ப்பாலுக்கு அவற்றை மாற்றாகக் கொடுக்கவே கூடாது.

ஜெர்மனியின் ஊட்டச்சத்துச் சங்கம் 2016இல் குழந்தைகளுக்கு வீகன் உணவைப் பரிந்துரைக்கவில்லை. 2024இல் ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை என்ற நிலைக்கு வந்து, பி12 கட்டாயம் என்பதில் உறுதியாக நின்றது. நம் மருத்துவர்களுக்கும் இந்த நடுநிலை உதவும். முதல் சந்திப்பிலேயே திட்டு வாங்கும் பெற்றோர் அடுத்த முறை உணவைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். குழந்தை என்ன சாப்பிடுகிறது என்பது தெரியாத மருத்துவருக்கு பி12 பரிசோதனை எழுதத் தோன்றாது.