அடுத்த ஸ்டேஷன் பதில் சொல்லவில்லை!

பட்டிப்பொல ஸ்டேஷனைப் பார்த்திருக்கிறீர்களா? இலங்கையிலேயே ஆக உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம் அதுதான். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே, பாதி நேரம் பனிமூட்டத்துக்குள் இருக்கும். பதுளைக்குப் போகும் கோச்சி அங்கே வந்து நின்றால், பாதை காலியாகத்தானே கிடக்கிறது என்று உடனே கிளம்பிவிட முடியாது. இருப்பது ஒற்றைத் தண்டவாளம். எதிரே ஒஹியாவிலிருந்து இன்னொரு கோச்சி வந்துகொண்டிருக்கலாம். அதனால் ஸ்டேஷன் மாஸ்டர் முதலில் ஒஹியாவைக் கேட்பார். அங்கிருந்து சம்மதம் வந்தால்தான் இங்குள்ள கருவி 'டெப்லட்' என்ற வில்லையை வெளியே விடும். அது எஞ்சின் சாரதியின் கைக்குப் போன பிறகே வண்டி நகரும். 1878இல் எட்வர்ட் டையர் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த முறை இது.

லெப்டொப்பும் இப்படித்தான், கேட்காமல் படம் அனுப்பாது.

வகுப்பில் டீச்சர் ஒரு பெரிய மொனிட்டரை லெப்டொப்போடு இணைக்கிறார் என்று வையுங்கள். 'சிக்னல் இல்லை' என்கிறது மொனிட்டர். உடனே எல்லாரும் கேபிளைப் பிடித்து ஆட்டத் தொடங்குவார்கள். பாவம் அந்தக் கேபிள்!

எச்.டி.எம்.ஐ. கேபிளின் முனையில் 19 ஊசிகள் இருக்கின்றன. 18ஆவது ஊசி வழியாக லெப்டொப் 5 வோல்ட் மின்சாரம் அனுப்பும். மொனிட்டர் அதை 19ஆவது ஊசி வழியாகத் திருப்பிக் காட்டும். 'ஓகோ, ஆள் இருக்கிறது' என்று லெப்டொப்புக்குத் தெரிந்துவிடும். அடுத்து 15, 16ஆம் ஊசிகளில் விசாரணை நடக்கும்: நீ யார், உன்னை யார் செய்தார்கள், எவ்வளவு அகலம், எந்த அளவுப் படம் உனக்குச் சரிவரும்?

இதற்கெல்லாம் பதில் மொனிட்டருக்குள் ஒரு குட்டி நினைவகச் சில்லில் எழுதியிருக்கிறது. அந்த விவரக்குறிப்பின் பெயர் ஈ.டி.ஐ.டி. 1994இல் வந்த ஏற்பாடு. அடிப்படைக் குறிப்பு 128 பைட்தான், அதாவது 128 எண்கள். ஆனால் அதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. 128 எண்களையும் கூட்டி 256ஆல் வகுத்தால் மீதி வரக்கூடாது. முதல் 127 எண்களின் கூட்டுத்தொகை 200 மீதி தந்தால், கடைசி எண் 56 ஆக இருக்க வேண்டும். வழியில் ஓர் எண் மாறிப்போனாலும் கணக்கு உதைக்கும், லெப்டொப் கண்டுபிடித்துவிடும்.

சரி, மொனிட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லியும் படம் வரவில்லை என்றால்? அந்தப் பதிலைக் கேட்டு விண்டோஸுக்குச் சொல்லவேண்டிய மென்பொருளைத்தான் கவனிக்க வேண்டும். அதுதான் கிராபிக்ஸ் ட்ரைவர். உரிய ட்ரைவர் இல்லாதபோது விண்டோஸ் ஒரு பொதுவான ட்ரைவரை வைத்துச் சமாளிக்கும். லெப்டொப்பின் சொந்தத் திரை பளிச்சென்று எரிவதால் எல்லாம் சரியென்றே தோன்றும். ஆனால் அந்தத் தற்காலிக ட்ரைவருக்குப் பெரும்பாலும் இரண்டாவது திரையைக் கையாளத் தெரியாது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்ற பெயர் தெரிந்தால் அதுதான் ஆள். லெப்டொப்பைச் செய்த நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்து, அந்த மொடலுக்குரிய ட்ரைவரை இறக்கிப் போட வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில லெப்டொப்புகளில் கிராபிக்ஸ் சில்லுகள் இரண்டு. சொந்தத் திரையை ஒன்று பார்த்துக்கொள்ளும், எச்.டி.எம்.ஐ. துளையோ மற்றதோடு இணைந்திருக்கும். பெட்டரி மிச்சமாகட்டும் என்று யாராவது அந்த இரண்டாவது சில்லை முடக்கி வைத்திருந்தால், நீங்கள் எத்தனை புதுக் கேபிள் வாங்கினாலும் காசுதான் போகும். அதே டிவைஸ் மேனேஜரில் அதை மறுபடி இயங்க விட்டால் போதும்.

இவ்வளவு தூரம் போகுமுன் இரண்டு சுலபமான சோதனைகள். விண்டோஸ் விசையோடு 'பி'யை (P) அழுத்தி, படம் இரண்டு திரைக்கும் போகும்படி தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், 'பி' (இது ஆங்கில B, முன்பு சொன்ன P அல்ல!) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒரு கணம் கறுத்து, 'பீப்' என்று ஒலி வரும். பயப்படாதீர்கள், கிராபிக்ஸ் ட்ரைவர் அணைந்து மறுபடி எழும்புகிறது. எழுந்ததும் மொனிட்டரை முதலிலிருந்து மறுபடி விசாரிக்கும்.