தற்காலிகத் தீச்சுவர் விதி

தற்காலிகத் தீச்சுவர் விதி என்பது குறித்த நேரம் வரை மட்டும் செயல்பட்டு, உறுதிசெய்யப்படாவிட்டால் தானாகவே நீங்கிவிடும் கட்டுப்பாட்டு விதி ஆகும். ரவுட்டர், சுவிட்ச், சர்வர் போன்ற கருவிகளைத் தொலைவிலிருந்து மாற்றியமைப்போர் தம் இணைப்பைத் தாமே துண்டித்துக்கொள்ளாமல் இருக்க இம்முறை உதவுகிறது.

சிக்கல்

ஃபயர்வால் எனப்படும் தீச்சுவர், ஒரு கருவிக்குள் வரும் தரவையும் அதிலிருந்து வெளியேறும் தரவையும் விதிகளின்படி அனுமதிக்கும் அல்லது தடுக்கும். பல தீச்சுவர்கள் விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் விதியைப் பின்பற்றுகின்றன. தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் வழக்கமாக 22 என்ற போர்ட் எண்ணில் இயங்குகிறது. அதை அனுமதிக்கும் விதிக்கு மேலே 'அனைத்தையும் தடு' என்ற விதி அமைந்துவிட்டால், கட்டளையிட்டவரே உள்ளே நுழைய முடியாது. பிழையைத் திருத்தும் வழியும் அதே பிழையால் அடைபடுகிறது.

கோவைக்கும் திருப்பூருக்கும் இடையே உள்ள விசைத்தறி ஊர் சோமனூர். அங்குள்ள ஒரு தறிக்கூடத்தின் ரவுட்டரைக் கோவையிலிருந்து ஒருவர் மாற்றுவதாகக் கொள்வோம். தவறான விதி இணையத்தையே துண்டித்தால், ஒருவர் நேரில் சென்று சேரும்வரை அங்கே இ-வே பில் எடுக்க இயலாது; துணி ஏற்றிய வண்டி காத்து நிற்கும்.

வழிமுறைகள்

ஜூனிப்பர் கருவிகளில் 'கமிட் கன்ஃபர்ம்டு' என்ற கட்டளை உண்டு. நேரம் குறிப்பிடாவிட்டால், 10 நிமிடங்களுக்குள் உறுதிசெய்யப்படாத மாற்றம் பழைய நிலைக்குத் திரும்பும்.

சிஸ்கோ கருவிகளில் இயங்கும் அமைப்பும் சேமித்த அமைப்பும் தனித்தனியே உள்ளன. மாற்றத்துக்கு முன் 'ரீலோட் இன் 10' எனக் கட்டளையிட்டால், 10 நிமிடங்களில் கருவி மறுதொடக்கமாகிச் சேமித்த அமைப்புக்குத் திரும்பும். எல்லாம் சரியாக இருந்தால் மறுதொடக்கத்தை ரத்து செய்துவிட்டுப் புதிய அமைப்பைச் சேமிக்கலாம். முன்னரே சேமித்துவிட்டால் இம்முறை பயன்படாது.

மைக்ரோடிக் ரவுட்டர்களில் 'சேஃப் மோடு' இயங்கும்போது இணைப்பு அறுந்தால், அப்போது செய்த மாற்றங்கள் நீக்கப்படும். லினக்ஸில் 'ஐபிடேபிள்ஸ்-அப்ளை' என்ற கருவி, விடை வராவிட்டால் பழைய விதிகளை மீட்கும்.

சரிபார்த்தல்

ஏற்கெனவே திறந்துள்ள இணைப்பு வேலை செய்வதை மட்டும் பார்த்து உறுதிசெய்வது தவறு. நிறுவப்பட்ட இணைப்புகளைத் தொடர அனுமதிக்கும் தீச்சுவர், புதிய இணைப்பைத் தடுக்கக்கூடும். எனவே முதல் இணைப்பை மூடாமல், இரண்டாவது இணைப்பைப் புதிதாகத் திறந்து பார்த்த பின்னரே உறுதிசெய்ய வேண்டும்.

காலாவதியாகும் அனுமதி

வெளியாள் ஒருவர் பழுது பார்ப்பதற்காகத் திறந்த வழியை மூட மறப்பதும் ஆபத்தானது. லினக்ஸின் 'ஃபயர்வால்டி' மென்பொருளில் ஒரு விதிக்கு ஆயுள் குறிக்கலாம். ஒரு மணிநேரம் எனக் குறித்தால், அந்த நேரம் முடிந்ததும் அனுமதி தானாக நீங்கும்.

ரோஜர்ஸ் முடக்கம்

தமிழர்கள் பெருமளவில் வாழும் டொராண்டோ உட்படக் கனடா முழுவதும், 2022 சூலை 8 அன்று ரோஜர்ஸ் நிறுவனத்தின் தொலைபேசி, இணையச் சேவைகள் முடங்கின. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். அவசர உதவி எண்ணான 911ஐப் பலரால் அழைக்க முடியவில்லை. வலையமைப்பை மேம்படுத்தும்போது ரவுட்டர்களிலிருந்து ஒரு வடிகட்டி விதி நீக்கப்பட்டதே இதற்குக் காரணம். தடையின்றிப் பாய்ந்த வழித்தடத் தகவல்களைத் தாங்காமல் மைய ரவுட்டர்கள் செயலிழந்தன.

பழுதைக் கண்டறிவதற்கான மேலாண்மை வலையமைப்பும் அதே மைய வலையமைப்பையே சார்ந்திருந்ததால், பொறியாளர்களால் கருவிகளை அணுக முடியவில்லை. இதனால் சீரமைப்பு தாமதமானது. தானாகத் திரும்பும் விதியோடு, முதன்மை வலையமைப்பைச் சாராத இன்னொரு நுழைவழியும் தேவை என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. சிறிய நிறுவனங்களில், கருவியின் கன்சோல் போர்ட்டுடன் இணைத்த தனி சிம் இணைப்பு இதற்கு உதவும்.