குடலின் குருதியோட்டமும் காந்தப் படமும்

உண்ட சோறு செரிப்பதற்குக் குருதி வேண்டும். உடல் ஓய்ந்திருக்கும் வேளையிலேயே, இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செரிமான உறுப்புகளுக்குச் செல்கிறது. உணவுக்குப் பின் சிறுகுடலுக்கான ஓட்டம் இரு மடங்காகவும் பெருகுவதுண்டு. இதனைக் கொண்டு செல்லும் தலையாய குழாய், அயோர்ட்டா என்னும் பெருந்தமனியிலிருந்து பிரியும் மேற்குடல் தமனியாகும். புகைப்பழக்கம், நீரிழிவு முதலியவற்றால் இதன் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகினால், பசித்திருக்கையில் தொல்லை தோன்றாது. உண்ட அரை மணிக்குள் வயிறு வலிக்கும். நாளடைவில் நோயாளி உணவைக் கண்டே அஞ்சி மெலிவார். இதனை வயிற்றுப்புண் என்று கருதி ஆண்டுக்கணக்கில் மாத்திரை உண்போரும் உளர்.

இத்தகைய நாட்பட்ட நோயை ஆராய எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படமுறை பெரிதும் உதவுகிறது. எக்ஸ் கதிர் இன்றியே தமனியின் வடிவத்தை இது காட்டும். அத்துடன், நகரும் குருதியிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சைகை, ஓட்டத்தின் விரைவுக்கேற்ப மாறுவதால், நிமிடத்திற்கு எத்தனை மில்லிலிட்டர் குருதி பாய்கிறது என்பதையும் கணிக்கலாம். உண்ணுமுன் ஒருமுறை, உண்டபின் ஒருமுறை அளந்தால், ஓட்டம் உரிய அளவு பெருகாமை புலப்படும்.

மற்றொரு வழி இன்னும் நுட்பமானது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினின் காந்தப் பண்பு வேறானது என்பதை 1936இல் பாலிங்கும் கோரியெலும் கண்டறிந்தனர். இதன் அடிப்படையில், குடலிலிருந்து திரும்பும் சிரைக்குருதியின் ஆக்சிஜன் அளவை 1990களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எம்.ஆர்.ஐ. மூலம் மதிப்பிட்டனர். நோயுற்றோரிடம் உணவுக்குப் பின் அது குறைந்தது. எனினும் இம்முறை அன்றாட மருத்துவத்தில் வேரூன்றவில்லை.

திடீர் அடைப்பின் நிலை முற்றிலும் வேறு. ஒழுங்கற்றுத் துடிக்கும் இதயத்தில் உருவான குருதிக்கட்டி பெயர்ந்து தமனியை அடைத்தால், வலி தாங்கவொண்ணாததாக இருக்கும். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாலோ மென்மையாகவே தோன்றும். இம்முரண்பாடுதான் மருத்துவருக்கு முதல் எச்சரிக்கை. சுமார் ஆறு மணி நேரத்தில் குடல் மீட்க இயலாதவாறு அழுகத் தொடங்கலாம். காலந்தாழ்ந்தால் பாதிக்கு மேற்பட்டோர் பிழைப்பதில்லை. அரை மணியோ அதற்கு மேலோ பிடிக்கும் எம்.ஆர்.ஐ.க்காகக் காத்திருப்பது இங்கே தவறு. சில நிமிடங்களில் முடியும் சி.டி. ஆஞ்சியோகிராமே முதற்பரிசோதனை.

சித்தூர் மாவட்டத்தில், மூன்று மாநிலங்கள் கூடும் மூலையிலுள்ள ராமகுப்பம் போன்ற ஊர்களுக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. அண்மையில் குப்பத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. வேலூரும் திருப்பதியும் தொலைவு. அடைப்பு என்று ஐயுற்றால், அறுவை மருத்துவரும் சி.டி. வசதியும் உள்ள இடத்திற்கு நேரே அனுப்புவதே முறை. படம் எடுக்க ஓரிடம், அறுவைக்கு வேறிடம் என்று அலைக்கழித்தால் அந்த ஆறு மணி நேரம் வழியிலேயே கழிந்துவிடும். வலி தொடங்கிய நேரம், நாடித்துடிப்பின் ஒழுங்கு, முன்பிருந்த இதயநோய், சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் பரிந்துரைச் சீட்டில் எழுதியனுப்ப வேண்டும். நாட்பட்ட நோயாளியை எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புகையில், உடலில் பேஸ்மேக்கரோ உலோகப் பொருளோ உள்ளதா என்பதையும் குறித்தல் அவசியம்.